உஷா மேத்தா

உஷா மேத்தா (மார்ச் 25, 1920 - ஆகஸ்ட் 11, 2000) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் காந்தியவாதியும் பேராசிரியரும் ஆவார். 1942 ஆம் ஆண்டு பம்பாய் நகரில் தலைமறைவாக இயங்கிய காங்கிரசு வானொலியை நடத்தியவர்களுள் முதன்மையானவர்.

இளமை

குசராத்து மாநிலம் சூரத்து அருகேயுள்ள சரசு என்னும் சிற்றூரில் பிறந்தார். 1928 இல், எட்டு வயதிலேயே, சைமன் குழுவுக்கு எதிரான ஊர்வலத்தில் கலந்துகொண்டார். தந்தை பிரித்தானிய ஆட்சியில் நீதிபதியாக இருந்தவர். மகள் போராட்டங்களில் ஈடுபடுவதை அவர் விரும்பவில்லை. 1930 இல் அவர் ஓய்வு பெற்ற பிறகே அத்தடை நீங்கியது. 1932 இல் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. வில்சன் கல்லூரியில் மெய்யியல் பயின்று 1939 இல் பட்டம் பெற்ற உஷா, பின்னர் சட்டப் படிப்பைத் தொடங்கினார்.

காங்கிரசு வானொலி

1942 ஆகஸ்ட் 9 அன்று காந்தி உள்ளிட்ட தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன; அகில இந்திய வானொலி அரசின் கையில் இருந்தது. போர்க்காலமாதலால் தனியார் ஒலிபரப்புக்கு இடமே இல்லை. நாட்டின் பிற பகுதிகளில் நடப்பதை நகர மக்கள் அறிய வேறு வழியில்லாத நிலையில், 22 வயது மாணவியான உஷாவும் அவருடைய நண்பர்களும் படிப்பை விட்டு இம்முயற்சியில் இறங்கினர்.

1942 ஆகஸ்ட் 27 அன்று முதல் ஒலிபரப்பு நடந்தது. 42 மீட்டரையொட்டிய சிற்றலையில், ஆங்கிலத்திலும் இந்துசுதானியிலும் நிகழ்ச்சிகள் அமைந்தன. சிட்டகாங்கு மீதான குண்டுவீச்சு, சம்செட்பூர் வேலைநிறுத்தம், ஆசுட்டி-சிமூரில் நடந்த அடக்குமுறை ஆகியவை பற்றிய செய்திகள் இவ்வாறே மக்களைச் சென்றடைந்தன. ராம் மனோகர் லோகியா இதற்குத் துணைநின்றார். சிக்காகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோட்வானி கருவிகள் தந்து உதவினார்.

ஒலிபரப்பி இயங்கும் நேரத்தில் அதன் அலை வரும் திசையைக் கொண்டு நிலையத்தைக் கண்டுபிடிக்க இயலும். ஆகவே இடத்தை அடிக்கடி மாற்றினர். எனினும் அவர்களைக் காட்டிக்கொடுத்தவர் குழுவின் தொழில்நுட்பவியலாளர்களுள் ஒருவரே. நவம்பர் 12 அன்று காவல்துறையினர் உள்ளே நுழைந்து உஷா முதலியோரைக் கைது செய்தனர். வானொலி இயங்கியது மூன்று மாதத்திற்கும் குறைவான காலமே.

சிறை

பல மாத விசாரணையில் உஷா தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. சிறப்பு நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பாபுபாய் கக்கருக்கு ஐந்து ஆண்டும் சந்திரகாந்த் சவேரிக்கு ஓராண்டும் கிடைத்தன. மோட்வானி விடுவிக்கப்பட்டார். புனே எரவாடா சிறையில் உடல்நலம் குன்றிய உஷா 1946 இல் விடுதலையானார். உடல்நலக் குறைவால் விடுதலை நாள் விழாவிலும் அவரால் கலந்துகொள்ள இயலவில்லை.

பிற்காலம்

காந்தியின் சிந்தனைகளை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்று, 1980 வரை கல்லூரிப் பணியாற்றினார். மும்பை மணிபவன் காந்தி நினைவகத்துக்குத் தலைமை தாங்கினார். 1998 இல் பத்ம விபூசண் விருது பெற்றார். சமூகக் குழுக்கள் தாமே வானொலி நடத்தும் உரிமை இந்தியாவில் 2000க்குப் பிறகே படிப்படியாக வந்தது என்பதால் (கல்வி நிறுவனங்களுக்கு 2002, தொண்டு நிறுவனங்களுக்கு 2006), உஷா அதைக் காணவில்லை.

2000 ஆகஸ்ட் 9 அன்று காய்ச்சலுடனேயே மும்பை ஆகஸ்ட் கிராந்தி திடலின் நினைவு நிகழ்வில் கலந்துகொண்டார். இரண்டு நாட்களுக்குப் பின் காலமானார். இவருடைய வாழ்க்கையைத் தழுவி ஏ வதன் மேரே வதன் என்னும் இந்தித் திரைப்படம் 2024 இல் வெளிவந்தது.