பனிநாட்டில் தங்கிய தெசிதேரி சுவாமியார்



நம் பங்குக் குடும்பங்களில் இக்காலத்தில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. மகனுக்குக் கனடா தேசத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வருஷத்தில் பல மாதம் பனி மூடிக் கிடக்கும் சிற்றூர். போகலாமா, வேண்டாமா? தாயார் குளிரை நினைத்துக் கண்கலங்குகிறாள். தகப்பனார் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கிறார். கொடைக்கானலுக்கு இரண்டு நாள் போனாலே கம்பளியும் குல்லாவும் தேடுகிற மதுரைக்காரர் நாம். ஆகையால் இந்தக் கலக்கம் நியாயமானதே. இதே கேள்வி மூன்று தடவை எதிர்ப்பட்ட ஒரு குருவானவருடைய சீவியத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லுகிறேன். அவர் கடைசியில் நம் தமிழ்நாட்டு வெயிலுக்கும் வந்து சேர்ந்தவர். ஓரியூர் வேதசாட்சி அர்ச். அருளானந்தருக்காக ஒரு காரியத்தைக் கையேற்றவருங்கூட.

இப்போலித்து தெசிதேரி என்பது அவர் பெயர். 1684-ம் வருஷம் இத்தாலியாவில் பிஸ்தோயா பட்டணத்தில் பிறந்தார். 1700-ல் சேசுசபையில் சேர்ந்தார். திபேத்து தேசத்திற்கு வேதபோதகராக நியமிக்கப்பட்டு 1712 செப்டம்பரில் ரோமாபுரியை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 27. அதே சபையைச் சேர்ந்த அந்திராதே சுவாமி 1624-ல் இமயமலையைக் கடந்து, மறு வருஷம் மேற்குத் திபேத்தில் ஒரு மிசியோனைத் தொடங்கினார். அது சில வருஷங்களில் அழிந்துபோயிற்று. அந்த அணைந்த விளக்கை மறுபடியும் ஏற்றவேண்டும் என்பதே இவருக்குக் கிடைத்த உத்தரவு.

கோவா வந்து இறங்கி டில்லி சேர்ந்தார். அங்கே மொகலாய மிசியோனில் இருந்த மனுவேல் பிரெயிரே சுவாமி அவருக்குத் துணையாகவும் சிரேஷ்டராகவும் சேர்ந்துகொண்டார். இருவரும் 1714 செப்டம்பரில் புறப்பட்டுக் காஷ்மீரம் போனார்கள். அங்கே தெசிதேரி சுவாமி வயிற்றுக்கடுப்பால் விழுந்து, ஆறு மாதம் சிறிநகரிலேயே தங்க நேரிட்டது. படுத்துக்கிடந்த காலத்தையும் வீணாக்காமல் பாரசீக பாஷை படித்தார். 1715 மே மாதம் சோஜி லா கணவாய் வழியாக நடந்தே ஏறினார்கள். இப்போது மோட்டார் வண்டி போகும் அந்த வழியில் அவர்கள் நாற்பது நாள் நடந்து, ஜூன் மாதக் கடைசியில் லடாக்கின் தலைநகரான லே பட்டணத்தை அடைந்தார்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். லே 11,500 அடி.

முதல் கேள்வி அங்கேதான் எழுந்தது. லடாக்கு அரசன் நீமா நம்கியால் அவர்களை அன்போடு வரவேற்றான். ஜனங்களும் விரோதம் காட்டவில்லை. தெசிதேரி சுவாமிக்கு மனம் நிறைந்துபோயிற்று. இங்கேயே தங்கி வேலையைத் தொடங்கலாம் என்று நினைத்தார். பிரெயிரே சுவாமிக்கோ அந்தக் குளிரும் மொட்டை மலையும் பொறுக்கவில்லை. இந்தியாவுக்குத் திரும்ப ஆசை. ஆனால் வந்த வழியே திரும்பப் பயம். கிழக்கே லாசா என்ற பட்டணம் இருக்கிறது, அங்கிருந்து இந்தியாவுக்கு வேறு வழி உண்டு என்று கேள்விப்பட்டார். உடனே அந்தப் பக்கம் போவதென்று தீர்மானித்தார். இருவரும் ஒரே ரொட்டியைத் தின்று ஒரே குளிரில் படுத்தவர்கள்தான். ஒருவர் தங்க இடம் பார்த்தார். மற்றவர் வெளியேற வழி பார்த்தார். தெசிதேரி சுவாமி தம் ஆட்சேபத்தைச் சொன்னார். சிரேஷ்டர் கேட்கவில்லை. கீழ்ப்படிந்து 52 நாளில் லேயை விட்டுப் புறப்பட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், குளிருக்குப் பயந்தவருடைய தீர்மானமே இருவரையும் அதைவிடப் பெருங்குளிருக்குள் கொண்டுபோயிற்று!

எல்லையில் தாஷிகாங் என்னும் ஊர். அங்கே அதிகாரியாயிருந்து இறந்தவருடைய விதவையான ஒரு மங்கோலிய சீமாட்டி பரிவாரத்தோடு லாசாவுக்குப் புறப்படத் தயாராயிருந்தாள். அவள் இவர்களைத் தன் கூட்டத்தோடு சேர்த்துக்கொண்டாள். அவளில்லாவிட்டால் இருவரும் பிழைத்திருக்கமாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். மாரிகாலம் முழுவதும் பிரயாணம். மரமில்லை, விறகில்லை, நம் ஊர் வறட்டியைப்போலக் காய்ந்த சாணத்தை எரித்துத்தான் தேநீர் காய்ச்சவேண்டும். நம் அண்டைவீட்டு இந்து சகோதரர்கள் யாத்திரை போகிற கைலாசமலையையும் மானசரோவர் ஏரியையும் அந்தக் குளிரில் கடந்தார்கள். ஒருநாள் பிரெயிரே சுவாமியின் குதிரை பனியில் விழுந்து, அவர் பின்தங்கிவிட்டார். ஆள் அனுப்பித் தேடி, விறைத்துக்கிடந்தவரைக் காப்பாற்றினார்கள்.

1716 மார்ச்சு 18-ந் தேதி லாசா சேர்ந்தார்கள். ஒரு மாதம் ஆவதற்குள் பிரெயிரே சுவாமி நேபாள வழியாக இந்தியாவுக்குப் புறப்பட்டுப் போனார். அவரை நான் குறைசொல்லமாட்டேன். பனியில் ஒரு தடவை செத்துப் பிழைத்த மனிதனுடைய பயத்தை, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நாம் எடைபோடுவது சரியல்ல. ஆனால் இப்போது கேள்வி தெசிதேரி சுவாமிக்கு முன் தனியாக நின்றது. இந்தத் தடவை அவரை இழுத்துக்கொண்டுபோகச் சிரேஷ்டர் இல்லை. துணையுமில்லை. அவர் தங்கினார்.

தங்குவது என்றால் என்னவென்று யோசியுங்கள். லாசாவில் அவரைத் தவிர வேறு ஐரோப்பியர் ஒருவருமில்லை. முன்னே அங்கிருந்த கப்புச்சின் சபைக் குருக்கள் பணமின்மையால் திரும்பிப் போயிருந்தார்கள். மறுபடி அவர்கள் வந்து சேர்ந்தது அக்டோபர் முதல் தேதி. அதுவரையில், ஏறக்குறைய ஆறு மாதம், அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க ஒரு குருவானவர் இல்லை. குளிருக்குக் கம்பளி உண்டு. அந்தத் தனிமைக்கு என்ன உண்டு? வெளியூருக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் பெட்டியில் ஸ்வெட்டர் வைக்கிறார்கள். அந்த ஊரில் கோயில் எங்கே, பூசை எப்போது, பேச்சுத்துணைக்கு யார் என்று விசாரிக்கிறவர்கள் சிலரே.

அவர் அத்தனிமையைப் படிப்பால் நிரப்பினார். விடியற்காலம் முதல் அஸ்தமனம் வரையில் திபேத்து பாஷை. அரசனாகிய லாசாங் கான் அவருக்குப் போதிக்க உத்தரவு கொடுத்தான். 1717 ஜனவரியில் திபேத்து பாஷையிலேயே எழுதிய தமது முதல் நூலை அரசன் கையில் கொடுத்தார். மறுப்பு எழுதுமுன் அவர்களுடைய சாஸ்திரங்களை அவர்களிடத்திலேயே கற்கவேண்டும் என்று அரசன் ஆலோசனை சொல்ல, அதை ஒப்புக்கொண்டு ராமோச்சே மடத்திலும், பிறகு சேரா என்னும் பெரிய மடத்திலும் மாணாக்கனாய்ச் சேர்ந்தார். அந்தப் பௌத்தத் துறவிகள் தங்கள் மடத்துக்குள்ளேயே அவர் பூசைசெய்ய இடங்கொடுத்தார்கள். இதை வாசித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

அந்த வருஷமே டிசம்பரில் சுங்கார் படைகள் லாசாவைச் சூறையாடி லாசாங் கானைக் கொன்றன. சுவாமி தாக்போ மாகாணத்துக்கு ஒதுங்கி, பெரும்பாலும் அங்கேயே எழுதிக்கொண்டிருந்தார். அப்பொழுதும் அவர் ஊர் திரும்பவில்லை.

மூன்றாந் தடவை கேள்வி வேறுவிதமாய் வந்தது. திபேத்து மிசியோன் கப்புச்சின் சபைக்கே உரியது என்று ரோமையில் தீர்ப்பாகி, அவர் வெளியேறவேண்டுமென்ற உத்தரவு 1721-ல் அவர் கைக்குக் கிடைத்தது. குளிர் துரத்தாதவரை, படை துரத்தாதவரை, ஒரு கடிதம் கிளப்பிற்று. ஏப்ரல் மாதம் லாசாவை விட்டார். சந்தோஷத்தோடு விட்டார் என்று நான் எழுதமாட்டேன். பிற்பாடு ரோமையில் தம் சபையின் பக்கம் நின்று விடாமல் வழக்காடியவர் அவர். ஆனாலும் முதலில் புறப்பட்டார், பிறகுதான் வழக்காடினார்.

ஆக்ராவிலும் டில்லியிலும் சில வருஷம் உழைத்தபின், 1726-ல் புதுச்சேரிக்கு வந்து, நம் மதுரை மிசியோனுக்கு வடக்கே இருந்த கர்நாடக மிசியோனில் சேர்ந்தார். வயது 41. பனிநாட்டுப் பாஷையில் நூல் எழுதிய கை, இந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து அ, ஆ என்று தமிழ் எழுதத் தொடங்கிற்று. அந்த வயதில் தமிழ் எழுத்துப் படிப்பது எவ்வளவு கஷ்டமென்று, இங்கே வந்த வெளிதேசத்துக் குருக்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

ஆனால் இங்கேயும் நெடுநாள் இருக்கவிடவில்லை. 1693-ல் ஓரியூரில் இரத்தஞ் சிந்திய அருளானந்தருடைய பட்ட விசாரணையை ரோமையில் நடத்தும் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது. 1727 ஜனவரியில் கப்பலேறி, மறு வருஷம் ரோமை சேர்ந்தார். திபேத்தைப்பற்றி அவர் எழுதிய பெரிய வரலாறு அச்சேறாமலே கிடந்தது. 1732-ல் மிசியோன் வழக்கும் அவர் சபைக்கு விரோதமாகவே முடிந்தது. 1733 ஏப்ரலில், 48 வயதில், ரோமாபுரியில் மரித்தார்.

அவருடைய திபேத்து வரலாற்றின் கையெழுத்துப் பிரதி 1875-ல்தான் வெளிப்பட்டது. ஓரியூர் அருளானந்தருக்கு 1853-ல் முத்திப்பேறு பட்டமும், 1947-ல் அர்ச்சியசிஷ்ட பட்டமும் கிடைத்தன.