வடலூர் வள்ளலாரும் அணையா அடுப்பும்

பாகூர்க் கொம்யூனைக் கடந்து தெற்கே சென்றால் கடலூர். அங்கிருந்து குறிஞ்சிப்பாடி வழியே வடலூர். தைப்பூச நாளில் பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து அவ்வழியே செல்வோரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஏழு திரைகள் விலகத் தோன்றும் சோதியைக் காணவே பெரும்பாலோர் செல்கின்றனர். அச்சோதி வழிபாட்டிற்கு முன்னரே அங்கே ஓர் அடுப்பு மூட்டப்பெற்றது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இராமலிங்க அடிகளார் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 5-10-1823இல் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். சென்னையில் தமையனார் சபாபதியின் ஆதரவில் வளர்ந்தார். பள்ளிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே பள்ளியாயிற்று. 1858இல் சென்னையை நீங்கித் தென்னார்க்காட்டுக் கருங்குழியில் தங்கினார்.

அவர்தம் சிந்தனையை அறிய மூன்று ஆண்டுகளை வரிசையாக நோக்கினாலே போதும். 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 23-5-1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். சத்திய ஞானசபையோ 25-1-1872இல்தான் திறக்கப்பெற்றது. சோறிடும் சாலை முந்தியது. வழிபடும் சபை ஐந்தாண்டு பிந்தியது. இது தற்செயலாக அமைந்தது என்று நாம் கருதவில்லை. பசித்த உயிரின் துயர் தீர்க்கும் சீவகாருணியமே இறையருளைப் பெறும் வழி என்பது அவர் கொள்கை. புலால் மறுத்தவரே சபைக்குள் புகலாம் என்று வரையறுத்த அடிகளார், பசித்து வந்தவரிடம் அத்தகைய நிபந்தனை எதனையும் விதிக்கவில்லை. சாதியும் சமயமும் சாலையில் கேட்கப்படவில்லை.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. 1867இல் திருவருட்பா அச்சேறியதும் அதனை அருட்பா என்று வழங்கலாகாது என்று ஆறுமுக நாவலர் மறுத்தார். பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது; இருவரும் மறைந்த பின்னும் ஓயவில்லை. கதிரைவேற் பிள்ளை மருட்பாக் கட்சிக்கு வாதாடிய காலத்தில், அருட்பாவின் பக்கம் நின்று மேடைதோறும் முழங்கியவர் கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். சைவ நூல்களை இத்துணை ஆழ்ந்து கற்ற இசுலாமியப் புலவர் ஒருவரை அவையோர் வியந்து கேட்டனர். அடிகளார் மறைந்த 1874இலேயே அப்பாவலர் பிறந்தார் என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஆயினும் அடிகளார் சைவத்தின் எல்லைக்குள்ளும் நின்றாரில்லை. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில், தாம் முன்னர்ச் சைவ சமயத்தின்மீது கொண்டிருந்த பெரும்பற்றைக் கைவிட்டதாக வெளிப்படையாகவே கூறினார். ஆயிரக்கணக்கில் பாடிப் போற்றிய ஒன்றை ஐம்பதாம் வயதில் தம் அன்பர் முன்னிலையில் துறப்பது எளிதன்று. பிறர் சமயத்தைக் குறைகூறுவோர் பலர். தம்முடையதை விடத் துணிந்தவர் எத்துணைப் பேர்?

30-1-1874இல் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்து அறைக்குள் புகுந்து தாழிட்டுக் கொண்டார். பின்னர்த் திறந்து பார்த்தபோது அறை வெறுமையாக இருந்தது என்பர். சோதியில் கலந்தார் என்று அன்பர்கள் நம்புகின்றனர். இரண்டாண்டுகள் கழித்து, 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. 1867இல் அவர் மூட்டிய வடலூர் அடுப்பு இன்றும் எரிகின்றது.