கமெரா ஏந்திய மானிடவியலாளர்: ழான் றூஷ்

பிறர் வாழ்க்கையைப் படமாக்கி உலகுக்குக் காட்டியோர் பலர். அப்படத்தை அதில் தோன்றிய மக்களிடமே எடுத்துச் சென்று, அன்னார் கண்ட குற்றத்தைக் கேட்டுத் திருத்தியோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராகவே பிரான்சு தேசத்து ழான் றூஷ் அவர்களை நாம் இங்கு நினைவு கூருகின்றோம்.

றூஷ் 1917 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆந் திகதி பரிஸ் நகரிற் பிறந்தார். பொறியியல் கற்றுத் தேறி, 1941 இல், அன்று பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த நைஜர் நாட்டிற்கு வீதி அமைக்கச் சென்றார். அங்கே இடி விழுந்து தொழிலாளர் பத்துப்பேர் மாண்டனர். இடித் தெய்வமாகிய டோங்கோவின் செயல் அதுவென மக்கள் கருதினர். டமுரே சிக்கா என்னும் இளைஞரின் பாட்டியார் அதற்குரிய கிரியைகளை நடத்தினார். அவற்றைக் கண்ட பொறியியலாளரின் மனம், வீதியை விட்டு மனிதரை நாடிற்று.

யுத்தம் முடிந்தபின், 1946 இல், நண்பர் இருவரோடு நைஜர் நதியில் ஓடமேறினார். பழம்பொருட் சந்தையில் வாங்கிய 16 மில்லிமீற்றர்க் கமெராவும் உடன் சென்றது. வழியில் அதன் முக்காலி தொலைந்துபோகவே, கையில் ஏந்தியே படம் பிடித்தார். அன்று நேர்ந்த இடையூறு பின்னர் அவரது முறையாயிற்று. கமெரா தூர நின்று பார்ப்பதை விடுத்து மனிதரோடு கூட நடக்கலாயிற்று.

நீர்யானை வேட்டையைப் பற்றித் தாம் எடுத்த படத்தை 1954 இல் அயோரு கிராமத்திற்கு எடுத்துச் சென்று, துணியைத் திரையாகக் கட்டிக் காட்டினார். இறந்துபோன தம்மவரைத் திரையிற் கண்டு மக்கள் அழுதனர். பின்னர் வேடர்கள் குற்றங் கூறினர். வேட்டைக் காட்சிக்கு அவர் இசை சேர்த்திருந்தார். அவ்வோசை கேட்டால் நீர்யானை ஓடிவிடும் என்பதே அவர்கள் வாதம். றூஷ் இசையை நீக்கினார். கற்றவர் கல்லாதவரிடம் பாடங் கேட்ட நாள் அது.

எனினும் அவர்மீது சுமத்தப்பட்ட பழியை நாம் மறைத்தலாகாது. குடியேற்ற அதிகாரிகளின் ஆவி தம்மேல் ஏறியதாக ஆடுவோரைக் காட்டிய 'பித்தேறிய எசமானர்' என்ற 1955 ஆம் ஆண்டுப் படம் ஆபிரிக்கரை இழிவுபடுத்துவதாக ஆபிரிக்க மாணவர் சினந்தனர். ஆட்சியாளரை ஏளனஞ் செய்வதாகக் கண்ட பிரித்தானியர் கோல்ட் கோஸ்டில் அதனைத் தடைசெய்தனர். பூச்சிகளை நோக்குமாப்போல் ஆபிரிக்கரை நோக்குகிறார் என, 1965 இல், செனகல் நாட்டு இயக்குநர் உஸ்மான் செம்பேன் றூஷின் முகத்துக்கு நேரேயே கூறினார். ஆளும் இனத்தவர் கையிலிருந்த கமெராவை ஆளப்பட்டோர் ஐயுற்றது நியாயமே.

அதே செம்பேன் மெச்சிய றூஷின் படமும் ஒன்றுண்டு. 'நான், ஒரு கறுப்பன்' என்ற 1958 ஆம் ஆண்டுப் படத்தில், அபிஜான் நகரத் தொழிலாளி உமரு கண்டா தம் வாழ்வைத் தாமே பேசினார். அவரே பின்னாளில் நைஜரின் பெயர்பெற்ற இயக்குநரானார். 1961 இல் வெளிவந்த 'ஒரு கோடையின் வரலாறு' படத்தில், சமூகவியலாளர் எட்கார் மொறின் அவர்களுடன் கூடி, றூஷ் தம் பரிஸ் மக்களையே ஆராய்ந்தார். அவர்களுக்கும் படத்தைக் காட்டி, எழுந்த கருத்து வேற்றுமையையும் படத்திற் சேர்த்தார்.

நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஆக்கிய றூஷ், 2004 பெப்ரவரி 18 ஆந் திகதி நைஜரிலேயே மோட்டார் விபத்தில் உயிர் நீத்தார். தலைநகர் நியாமேயில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

இன்று எம் எல்லார் கையிலும் கமெரா உண்டு. எவரைப் படம் பிடிக்கின்றோமோ அவர் முன்னிலையில் அதனைப் போட்டுக் காட்ட எமக்குத் துணிவுண்டா என எம்மை நாமே கேட்போமாக.