தொப்பி ஊசியும் ஒரு கார் கியரும்! - பெர்த்தா பென்ஸின் கதை

கார் நடுரோட்டுல மக்கர் பண்ணினா நாம என்ன செய்வோம்? போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். போன் இல்லை, மெக்கானிக் இல்லை, பெட்ரோல் பங்க்கும் இல்லை என்றால்? 1888-ல் ஜெர்மனியில் ஒரு பெண் அப்படித்தான் கார் ஓட்டினார். அவர் பெயர் பெர்த்தா பென்ஸ். ஆமாம், மெர்சிடிஸ் பென்ஸில் வரும் அதே பென்ஸ்தான்!

1849 மே 3 அன்று ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில், வசதியான வீட்டில் பிறந்தவர் பெர்த்தா. கார்ல் பென்ஸ் என்ற இன்ஜினீயரோடு நிச்சயமானது. அந்த நேரம் பார்த்து, கூட்டாளியால் கார்லின் பட்டறை மூழ்கும் நிலைக்கு வந்தது. கல்யாணத்துக்குத் தரவேண்டிய சீர்ப் பணத்தை வீட்டில் முன்கூட்டியே கேட்டு வாங்கி, கூட்டாளியின் பங்கை அடைக்கக் கொடுத்தார் பெர்த்தா. 1872-ல் கல்யாணம்.

1886 ஜனவரி 29 அன்று, பெட்ரோலிய எரிபொருளில் ஓடும் மூன்று சக்கர காருக்கு கார்ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார. வண்டி ரெடி. ஆனா வாங்கத்தான் ஆள் இல்லை! குதிரை இல்லாத வண்டியை நம்ப யாரும் தயாராக இல்லை. கார்லோ பட்டறையிலேயே அதை மாற்றி மாற்றிச் செதுக்கிக்கொண்டிருந்தார். பெர்த்தாவின் பணமும் குடும்பத்தின் எதிர்காலமும் அந்த வண்டிக்குள்தான் இருந்தன.

சொல்லாமல் கிளம்பினார்

1888 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை. கணவருக்குத் தெரியாமல், டீன்ஏஜ் மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் இருவரோடு காரைக் கிளப்பினார். மான்ஹைமிலிருந்து அம்மா வீடு இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, 100 கிலோமீட்டருக்கு மேல். அதுவரை கார் என்றால் பட்டறையைச் சுற்றி ஒரு சின்ன ரவுண்டு, அவ்வளவுதான். இன்றைய ஸ்கூட்டரைவிட சக்தி குறைந்த இன்ஜின் அது.

வழியெல்லாம் பிரச்னை. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். ஸ்பார்க்குக்குப் போகும் ஒயர் உரசித் தேய்ந்தது. காலுறையைப் பிடித்து நிறுத்தும் பட்டையைச் சுற்றிவிட்டார். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில், கறை எடுக்க விற்கும் லிக்ராயின் திரவத்தை வாங்கி ஊற்றினார். சங்கிலி தொய்ந்தபோது கொல்லர் உதவினார். மரக்கட்டை பிரேக் தேய்ந்தபோது, செருப்பு தைப்பவரிடம் அதன்மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். இன்றைய பிரேக் லைனிங்கின் முன்னோடி அதுதான்!

இன்ஜினா, கியரா?

பெரிய சோதனை மேட்டில் வந்தது. இன்ஜின் நன்றாக ஓடியது, வண்டி மட்டும் ஏறவில்லை. இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. குறை இன்ஜினில் இல்லை, அதன் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இடத்தில். மேடு ஏறுவதற்குப் போதுமான குறைந்த கியர் அந்த வண்டியில் இல்லை.

இன்றைக்கு பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வித்தியாசம் தெரிய வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுது, ஆர்.பி.எம். முள் எகிறுது, ஆனா வண்டி வேகம் எடுக்கலையா? கியர்பாக்ஸுக்குள் சறுக்கல் இருக்கலாம். உடனே கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். முதலில் டிரான்ஸ்மிஷன் ஆயில் அளவு சரியாக இருக்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்து கருகியிருக்க வாய்ப்பு அதிகம்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைமை அடைந்த பெர்த்தா, கணவருக்குத் தந்தி அடித்தார். சில நாள் கழித்து அதே காரில் ஊர் திரும்பினார். வழியில் கண்ட குறைகளையெல்லாம் கார்லிடம் சொன்னார். மேடு ஏறுவதற்கென்று ஒரு கியர் காரில் சேர்ந்தது அதன் பிறகுதான். இந்தப் பயணம் ஊரெல்லாம் பேச்சானது. 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள் பென்ஸ் உலகின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றானது.

காப்புரிமையில் பெர்த்தாவின் பெயர் இல்லை. 95-வது பிறந்தநாளைக் கொண்டாடிய இரண்டாம் நாள், 1944 மே 5 அன்று பெர்த்தா மறைந்தார். அவர் போன வழி 2008 முதல் அவர் பெயரிலேயே நினைவுப் பாதையாக இருக்கிறது.

அடுத்த முறை உங்க வண்டி மக்கர் பண்ணினா, 'ஏதோ சத்தம் வருது' என்று மட்டும் சொல்லி சாவியை நீட்டாதீங்க. எந்த மேட்டில், எந்த கியரில், இன்ஜின் சூடாவதற்கு முன்பா பின்பா என்று குறித்துவைத்துச் சொல்லுங்க. மெக்கானிக்குக்குப் பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடும்!