போதகர் டு பிரதமர்: யார் இந்த ஆபிரகாம் கைப்பர்?

பிரசங்க மேடையில் நின்றவர் நாட்டையே ஆண்டால் என்ன ஆகும்? நெதர்லாந்தில் அது நடந்தது.

1837-ல் போதகர் வீட்டில் பிறந்தவர் ஆபிரகாம் கைப்பர். லைடனில் டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு, 1863-ல் பேஸ்ட் என்ற கிராமத்து சர்ச்சில் முதல் வேலை. அங்கே மாவு மில்காரர் மகள் பீட்யே பால்டஸுக்கு இவரது நவீன இறையியல் பிடிக்கவே இல்லை. கைப்பர் கோபப்படவில்லை. வீடு தேடிப்போய் அவர் சொன்னதைக் கேட்டார். கால்வின் வழி நம்பிக்கைக்குத் திரும்ப அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் எல்லாமே வேகம்தான். 1872-ல் நாளிதழ், 1879-ல் கட்சி, 1880-ல் ஆம்ஸ்டர்டாமில் பல்கலைக்கழகம்.

அவர் கொள்கை என்ன? கடவுளின் ஆட்சிக்கு வெளியே எதுவுமே இல்லை. ஆனா அரசு, சர்ச், குடும்பம், பள்ளி ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை உண்டு. ஒன்றின் வேலையில் இன்னொன்று மூக்கை நுழைக்கக் கூடாது.

1891-ல் கிறிஸ்தவ சமூக மாநாட்டில் தொழிலாளர்களுக்காகப் பேசியவரும் இவர்தான். 1901-ல் பிரதமரானார். 1903-ல் ரயில்வே ஊழியர்கள் ஸ்டிரைக் செய்ததும், ரயில்வே மற்றும் அரசு ஊழியர் ஸ்டிரைக்கையே குற்றமாக்கும் சட்டம் கொண்டுவந்தார். ஏழைகளுக்காகப் பேசியவரா இப்படிச் செய்தார் என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள். 1905 தேர்தலுக்குப் பின் பதவி போனது.

கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும் சமமான அரசு நிதி வேண்டும் என்ற அவரது நீண்டகாலக் கோரிக்கை 1917-ல் அரசியலமைப்பிலேயே இடம்பிடித்தது. 1920-ல் ஹேக் நகரில் காலமானார்.

அரசுக்கு எல்லைக்கோடு போட்டவர், அதிகாரம் கைக்கு வந்ததும் அந்தக் கோட்டைத் தாண்டினாரா? கைப்பர் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.