வெற்றியின் வாசலில் வீழ்ந்த வீரர்

வென்றவர்களின் வரலாற்றைப் படித்து மகிழ்வது உலக இயல்பு. ஆனால், வெற்றியின் வாசல் வரை சென்று வீழ்ந்தவர்களின் வாழ்க்கையிலும் நாம் கற்க வேண்டிய பாடம் உண்டு. அத்தகைய ஒருவர்தான் மும்முறை தாண்டும் வீரர் ஹென்றி ரெபெல்லோ.

ரெபெல்லோ 1928ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் லக்னோவில் பிறந்தார். இளமையிலேயே தாண்டும் போட்டிகளில் அவர் மனம் சென்றது. மும்முறை தாண்டல் எளிய போட்டியன்று. விரைந்து ஓடி வந்து, ஒரு காலால் தாவி, அதே காலில் ஊன்றி, அடுத்து மறு காலில் ஊன்றி, கடைசியாக மணலில் பாய வேண்டும். ஒவ்வோர் ஊன்றலிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு பளு ஒரே காலின் மேல் விழும். இந்தக் கலையில் அவர் தேர்ந்தார். ஒலிம்பிக்கிற்கு முன் இந்திய மண்ணிலேயே 50 அடி 2 அங்குலம், அதாவது 15.29 மீட்டர் தாண்டினார். உலகின் சிறந்த தாண்டல் வீரர்களுள் ஒருவராக எண்ணப்பட்டபோது அவருக்கு வயது 19தான். நம்மில் பலருடைய வயதும் அதுவே அன்றோ!

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் நடைபெற்றது. விடுதலை பெற்ற இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது. தகுதிச் சுற்றைக் கடந்து ரெபெல்லோ இறுதிப் போட்டிக்கு வந்தார். அன்று வெம்பிளி அரங்கில் குளிர் காற்று வீசியது. அவர் உடலைச் சூடேற்றிக்கொண்டு தாண்ட ஆயத்தமாக நின்றார். அந்த வேளையில் பதக்கம் வழங்கும் விழா ஒன்று தொடங்கவே, அதிகாரிகள் அவரைக் காத்திருக்கச் சொன்னார்கள். விழா முடிந்ததும் தாண்டுமாறு அழைப்பு வந்தது. குளிரில் நின்ற உடலை மீண்டும் சூடேற்றிக்கொள்ளாமலே முழு வேகத்தில் ஓடினார். தொடையின் பின்புறத் தசை கிழிந்தது. மணற்குழியில் நிலைகுலைந்து விழுந்தார்.

சுவீடன் வீரர் ஆர்னே ஆமன் 15.40 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். மூன்றாம் இடம் பெற்ற துருக்கி வீரரின் தூரம் 15.02 மீட்டர்தான். ரெபெல்லோ தாய்நாட்டில் தாண்டியதை அங்கும் தாண்டியிருந்தால் பதக்கம் உறுதி. தனிநபர் போட்டியில் விடுதலை இந்தியாவின் முதல் பதக்கத்திற்கு நாடு 1952 வரை காத்திருந்தது. தடகளத்திலோ 2021 வரை காத்திருந்தது!

இந்தத் தசை ஏன் கிழிகிறது? தொடையின் பின்புறம் மூன்று தசைகள் இடுப்பெலும்பின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை செல்கின்றன. ஓடும்போது முன்னே வீசப்படும் காலை இழுத்து அடக்குபவை இவையே. நீண்டுகொண்டே பளுவையும் தாங்க வேண்டிய அந்த நொடியில்தான் ஆபத்து மிகுதி. சூடேறிய தசை இளகி நன்கு நீளும். குளிர்ந்த தசை விறைத்து நிற்கும். எனவே, பயிற்சியால் தசையை வலுப்படுத்துவதும், களமிறங்குமுன் உடலைச் சூடேற்றுவதும் காப்பாகும். ஒருமுறை கிழிந்தால் முழுதும் ஆறும் வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஓடினால் அதே இடத்தில் மீண்டும் கிழியக்கூடும்.

ரெபெல்லோ அதன்பின் வேறெந்த ஒலிம்பிக்கிலும் பங்கேற்கவில்லை. ஆனால், துவண்டுவிடவும் இல்லை. இந்திய விமானப் படையில் பணியாற்றி குரூப் கேப்டன் பதவி வரை உயர்ந்தார். பின்னர், இந்திய விளையாட்டு ஆணையத்தின் தேசிய விளையாட்டுத் திறனறிப் போட்டித் திட்டத்திற்கு முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். பள்ளிப் பருவத்திலேயே திறமையைக் கண்டறிந்து வளர்ப்பது அத்திட்டத்தின் நோக்கம். தமக்குக் கைநழுவிய பதக்கத்தைப் பிறர் பிள்ளைகள் பெறவேண்டும் என்று உழைப்பதற்கு எத்தகைய உள்ளம் வேண்டும்! 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தம் 84ஆம் வயதில் அவர் மறைந்தார்.

நண்பர்களே, எங்கள் காடாம்புலியூர்ப் பக்கம் தை மாத விடியலில் முந்திரித் தோப்புகளின் மேல் பனி மூடியிருக்கும். விளையாட்டு விழாக்கள் நடப்பதும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். பெயரை அழைத்து வரிசையில் நிறுத்திய பிறகு, சிறப்பு விருந்தினர் வருகைக்காகப் போட்டி நின்றுபோவதை நாம் பார்த்ததில்லையா? வேலை முடித்து வந்து, காலை உதறிவிட்டு அப்படியே ஓடும் தோழர்களும் நம்மிடையே உண்டு. வயல் வேலை செய்த காலுக்கு வார்ம்-அப் எதற்கு என்று நானும் எண்ணியவன்தான். ரெபெல்லோவின் வரலாற்றைப் படித்தபின் அந்த எண்ணம் போயிற்று. உலகின் தலைசிறந்த கால்களுக்கே காத்திருந்த சில நிமிடங்கள் பகையாயின என்றால், நம் கால்கள் எம்மாத்திரம்?

காத்திருக்க நேர்ந்தால் மீண்டும் ஒருமுறை மெல்ல ஓடி, உடலைச் சூடேற்றிக்கொள்வோம். அதற்கு ஐந்து நிமிடம் தருமாறு நடுவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். விழா நடத்துவோரும் விளையாடுபவரின் உடலைக் கருதி நேரத்தைப் போற்றட்டும். அதுவே, லண்டன் மணற்குழியில் வீழ்ந்த அந்தப் பத்தொன்பது வயது இளைஞருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.