கருகிய கால்கள் வென்ற கதை



ஓட்டப் பந்தயத்துக்கு முன் கை, கால்களை அசைத்து உடலைச் சூடாக்கிக் கொள்வீர்கள் அல்லவா? அதற்கு ஐந்து நிமிடமோ, பத்து நிமிடமோ ஆகும். ஆனால், உலகப் புகழ் பெற்ற ஒரு வீரருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. ஏன் தெரியுமா?

அவர் பெயர் கிளென் கன்னிங்ஹாம். 1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் தேதி அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். அங்கே குளிர் அதிகம். வகுப்பறையைச் சூடாக்க அடுப்பு மூட்டுவார்கள். 1917-ஆம் ஆண்டு, ஏழு வயதுச் சிறுவனாக இருந்த கிளென், தன் அண்ணன் பிளாய்டுடன் காலையிலேயே பள்ளிக்குப் போனான். அடுப்பு மூட்டும்போது, மண்ணெண்ணெய் இருக்க வேண்டிய டின்னில் யாரோ தவறுதலாகப் பெட்ரோலை நிரப்பியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. குபீரென்று தீப்பிடித்தது. அண்ணன் இறந்துபோனான். கிளெனின் கால்கள் கருகிப் போயின. இடது கால் விரல்கள் அனைத்தும் போய்விட்டன.

கால்களையே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் கருதினார். பெற்றோர் சம்மதிக்கவில்லை. அம்மா நாள் தவறாமல் மகனின் கால்களை நீவிவிட்டார். படுக்கையில் கிடந்த சிறுவன் மெல்ல எழுந்தான், எதையாவது பிடித்துக்கொண்டு நின்றான், நடந்தான், பிறகு ஓடினான்.

ஓடத் தொடங்கியவர் நிற்கவே இல்லை! கன்சாஸ் பல்கலைக்கழக மாணவராக, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் 1932-இல் 1,500 மீட்டர் ஓட்டத்திலும், 1933-இல் ஒரு மைல் ஓட்டத்திலும் முதலிடம் பெற்றார். 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அவருக்கு நான்காம் இடம். பதக்கம் கிடைக்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1934-இல் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடம் 6.8 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார்.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக். 1,500 மீட்டரை 3 நிமிடம் 48.4 விநாடிகளில் ஓடினார். அதுவரை இருந்த உலக சாதனையைவிட இது வேகம்! ஆனால், நியூசிலாந்து வீரர் ஜாக் லவ்லாக் 3 நிமிடம் 47.8 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். கன்னிங்ஹாமுக்கு வெள்ளி. அதே மாதத்தில் ஸ்டாக்ஹோம் நகரில் 800 மீட்டர் ஓட்டத்தில் புதிய உலக சாதனை படைத்துவிட்டார். போரினால் 1940 ஒலிம்பிக் ரத்தானது. அந்த ஆண்டே பந்தயங்களிலிருந்து விடைபெற்றார்.

இடையில் படிப்பையும் விடவில்லை. 1938-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் மனைவி ரூத்துடன் கன்சாஸில் பண்ணை அமைத்து, ஆதரவும் வழிகாட்டலும் இல்லாத ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரை அரவணைத்தார். 1988-இல் மறைந்தார்.

குழந்தைகளே, அவருடைய கால்கள் ஏதோ மாயத்தால் குணமாகிவிடவில்லை. தழும்பேறிய கால்களில் ரத்த ஓட்டம் குறைவு. அதனால்தான் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் அந்த ஒரு மணி நேரம் உழைத்தார். மற்றவர்களுக்குத் தேவைப்படாத உழைப்பு அது!

உங்களுக்கும் கணக்கோ, கையெழுத்தோ மற்றவர்களைவிடச் சற்றுத் தாமதமாக வரலாம். அதில் வெட்கம் எதற்கு? கூடுதலாகக் கொஞ்ச நேரம் உழையுங்கள். கன்னிங்ஹாமின் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துக் கொள்ளுங்கள்!